ஊருக்கு ஒரு புக்மார்க்

இலுப்பைக்கடவைக் கிளையிலிருந்து அன்ரன் போன் எடுத்தபோது நான் எங்கள் நிறுவனத்தின் மன்னார்க் கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அன்ரன் எங்கள் கள உத்தியோகத்தர். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாத மனுசன்.

“மிஸ், தவமணி அக்காவின்ர பேர் லிஸ்றில இல்லை. அவ கொட்டிலைக் கழற்றிப்போட்டா.”

பெயர் இருக்கிறது என்று ஒன்பது நாட்களுக்கு முன்னர் தவமணி அக்காவுக்குச் சொன்னது நான்தான். திரையில் விரலை வைத்துக் காட்டியும் இருந்தேன். பார்சலை அப்படியே மூடி வைத்தேன். அதை யார் சாப்பிட்டார்களோ, இன்றுவரை தெரியாது.

புதிதாகக் கொம்பியூட்டர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இதில் இல்லை. வேறுவேறு பிரவுசர்களில் உள்ள புக்மார்க்குகளை ஒரே மாதிரி வைத்திருக்கும் சின்ன வேலைதான். அந்தச் சின்ன வேலையில் நான் விட்ட பிழையால் ஒரு தாயும் மகளும் மாரிமழைக்குள் கூரையில்லாமல் நின்றார்கள்.

1. மூன்று மெஷின், மூன்று பிரவுசர்

சண்டை முடிந்து சனங்கள் முகாம்களிலிருந்து ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் மன்னாரில் கீரி என்ற ஊரைச் சேர்ந்தவள். திரும்பி வருபவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ரைப்பிஸ்ற்றாகச் சேர்ந்தேன். மற்றவர்கள் கொம்பியூட்டரைக் கண்டு ஒதுங்கியதால் கொம்பியூட்டர்காரியாகிவிட்டேன். பதவியின் பெயரைத் தகவல் உத்தியோகத்தர் என்று மாற்றினார்கள். கதிரையை மாற்றவில்லை.

மீளக் குடியேறியவர்களுக்கு வீட்டுத்திட்ட விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும், வீட்டுத்திட்டத்தை நடத்தும் அரச திணைக்களத்தின் வெப்சைற்றில் வரும் பயனாளிகள் பட்டியலைப் பார்த்துச் சொல்வதும் எங்கள் வேலை. பட்டியல் கடதாசியில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதனால் மறிச்சுக்கட்டியில் இருந்தும் இலுப்பைக்கடவையில் இருந்தும் சனம் எங்களைத் தேடித்தான் வரும்.

மன்னாரில் இரண்டு மெஷின், இலுப்பைக்கடவைக் கிளையில் ஒன்று. ஒவ்வொன்றிலும் வேறு வேறு பிரவுசர். ஆசைப்பட்டு வைத்ததல்ல. திணைக்களத்தின் விண்ணப்பப் படிவம் பழைய நீலநிறப் பிரவுசரில் மட்டும்தான் திறக்கும். தமிழ் எழுத்து உடையாமல் தெரிவதற்கு நரிப்படம் போட்ட பிரவுசர் வேண்டும். இலுப்பைக்கடவையில் டொங்கிளில் வரும் இன்ரநெற் நொண்டிக்கொண்டு வரும். அதற்கு அப்போது புதிதாக வந்த மூன்றாவது பிரவுசர்தான் தோது.

ஒரு மெஷினில் சேமித்த புக்மார்க் மற்றதில் இருக்காது. பட்டியல் பக்கத்தின் முகவரி ஒன்றரை வரி நீளம், முழுக்க எண்களும் கேள்விக்குறிகளும். மன்னாரில் இருந்து நான் போனில் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அங்கே அன்ரன் அடிப்பார். ஒரு எழுத்துப் பிசகினாலும் திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும். அதற்குள் டொங்கிள் படுத்துவிடும். சனம் வெயிலில் நிற்கும்.

மனேஜர் கொழும்பிலிருந்து வந்தவர், எல்லாவற்றையும் ஒரு வசனத்தில் முடிப்பவர். “றெஜினா, மூண்டு மெஷினிலும் ஒரே சாமான் தெரியவேணும். எப்பிடிச் செய்யிறது எண்டு எனக்குத் தெரியாது, செய்யுங்கோ” என்றார். செய்தேன்.

2. என் பெருமை

மூன்று பிரவுசர்களிலும் வேலை செய்யும் ஒரு சிங்க் மென்பொருளைத் தேடிப் பிடித்துப் போட்டேன். ஒரு மெஷினில் புக்மார்க்கை மாற்றினால் மற்ற இரண்டிலும் தானாக மாறும். ஒரே புக்மார்க் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால், எது கடைசியாக மாற்றப்பட்டதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். எது கடைசி என்பதை அந்தந்த மெஷினின் திகதியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். இந்தக் கடைசி வசனத்தை நான் வாசித்திருந்தேன். அதன் முழுப்பொருள் அப்போது மண்டையில் ஏறவில்லை.

நான் ஒரு விதியும் வைத்தேன். ஊருக்கு ஒரு புக்மார்க். பெயர் ஊரின் பெயர் மட்டும். புதுப் பட்டியல் வந்தால் புதுப் புக்மார்க் போடக்கூடாது, அதே புக்மார்க்குக்குள் முகவரியை மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், வாசலில் சனத்தை வைத்துக்கொண்டு அன்ரன் எதைத் திறப்பார்? ஊரின் பெயரை அமத்தினால் கடைசிப் பட்டியல் வரவேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் மணிமணியாக ஓடியது. வெளிநாட்டிலிருந்து உதவி தருபவர்கள் வந்தபோது மனேஜர் தானே செய்ததைப்போல இதை அமத்தி அமத்திக் காட்டினார். நான் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லுவானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

3. பற்றறி

இலுப்பைக்கடவை மெஷினில் ஒரு வருத்தம் இருந்தது. திகதியையும் நேரத்தையும் நினைவில் வைத்திருக்க உள்ளே காசளவில் ஒரு வட்டப் பற்றறி இருக்கும். அது செத்துவிட்டது. அங்கே மின்சாரம் இன்னும் வரவில்லை, ஜெனரேற்றர்தான். மாலையில் ஜெனரேற்றரை நிறுத்தினால் மெஷின் திகதியை மறந்துவிடும். காலையில் ஒன் பண்ணியதும் நீலத்திரை வரும். அதில் திகதியைக் கையால் அடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கலாம்.

பற்றறி கேட்டு நான் மூன்று முறை எழுதினேன். மூன்று கடையில் விலை கேட்டுக் குவட்டேசன் எடுத்துத் தரும்படி பதில் வந்தது. மன்னாரில் அந்தப் பற்றறி விற்கும் கடை ஒன்றுதான் இருந்தது. அதையும் எழுதினேன். பதில் வரவில்லை. நானே ஒன்றை வாங்கிப் போட்டிருக்கலாம். அந்த நினைப்பு வராமல் இல்லை, வீம்புதான் விடவில்லை. அவர்கள் வாங்கித் தரட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்த நீலத்திரையில் மாதத்தை முதலிலும் நாளைப் பின்னாலும் அடிக்க வேண்டும். நாங்கள் எழுதிப் பழகியது நாளை முதலில். மாதத்தின் பிற்பகுதியில் மாறி அடித்தால் மெஷினே ஏற்காது, பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லையே. முதல் பன்னிரண்டு நாட்களில் மாறி அடித்தால் சத்தம் போடாமல் ஏற்றுக்கொள்ளும்.

அன்ரனுக்கு இது தெரியும், அவர் கவனமாக அடிப்பார். பிழை விட்டது நான்.

நவம்பரின் முற்பகுதியில் ஒரு நாள் அன்ரன் பயிற்சிக்குப் போக, நான் இலுப்பைக்கடவைக்குப் போனேன். காலை பஸ்ஸில் போய் இறங்கினால் ஏற்கெனவே இருபது பேர் நின்றார்கள். அவசரத்தில் நாளை முதலில் அடித்துவிட்டேன். மெஷின் ஒரு மாதம் பின்னால் போய்விட்டது. திரையின் மூலையில் இருக்கும் திகதியை நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் திணைக்களம் இலுப்பைக்கடவைக்கான இறுதிப் பட்டியலை வெளியிட்டது. அதுவரை எங்கள் புக்மார்க்கில் இருந்தது தற்காலிகப் பட்டியல். விதிப்படி முகவரியை மாற்றினேன். பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், பெயர்களை வாசிக்க நேரமில்லை. மாலையில் ஜெனரேற்றரை நிறுத்திவிட்டு மன்னாருக்குப் பஸ் ஏறினேன்.

தற்காலிகப் பட்டியலின் முகவரியை மன்னார் மெஷினில் சேமித்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. நான் அன்று போட்ட இறுதிப் பட்டியலோ, இலுப்பைக்கடவை மெஷினின் கணக்கில் ஒரு மாதம் பழையது. சிங்க் தன் வேலையைச் சரியாகச் செய்தது. இறுதிப் பட்டியலை அழித்துவிட்டுத் தற்காலிகப் பட்டியலை மூன்று மெஷினிலும் போட்டது.

4. தவமணி அக்கா

இரண்டு நாள் கழித்துத் தவமணி அக்கா மன்னாருக்கு வந்தார். இலுப்பைக்கடவையில் வயல் செய்யும் குடும்பம். கணவர் இடம்பெயர்வில் தவறிவிட்டார். ஏ.எல். சோதனைக்குப் படிக்கும் மகள் கோமதி மட்டும்தான் கூட. பழைய வீட்டில் மிஞ்சியது சீமெந்து நிலமும் கிணறும். அந்த நிலத்தின்மேல் ஒரு நிறுவனம் கொடுத்த தகரத்தில் கொட்டில் போட்டு இருந்தார்கள். பாம்பும் சாரலும் உள்ளே வராமல் இருக்கத் தாயும் மகளுமாகக் கல் அரிந்து இடுப்பளவுக்கு ஒரு அரைச்சுவரும் கட்டியிருந்தார்கள்.

இறுதிப் பட்டியல் வந்துவிட்டதாக ஊரில் கதை என்றார். தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் நரிப் பிரவுசரில் இலுப்பைக்கடவையை அமத்தினேன். பெயர் மேல்பாதியிலேயே இருந்தது.

“இருக்குது அக்கா. இஞ்ச பாருங்கோ, பன்ரெண்டாவது.”

“வடிவாப் பாருங்கோ தங்கச்சி. இதுதானே கடைசி லிஸ்ற்?”

“ஓம், கடைசிதான். முந்தநாள் நானே மாத்தினனான்.”

இரண்டு பட்டியலுக்கும் ஒரே தலைப்பு, ஒரே கட்டங்கள். தற்காலிகமா இறுதியா என்பது பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் சிங்களத்தில் மட்டும் இருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். கீழே இறக்கிப் பார்க்கவில்லை. நானே மாற்றியதை நானே ஏன் சந்தேகப்பட வேண்டும்?

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வயல்வேலை செய்த கை, சொரசொரவென்று இருந்தது. ஆசாரி வந்து நிலையம் பார்த்து, வீடு கட்டும் இடத்தைக் குறித்துவிட்டதாகவும், மார்கழிக்கு முன்னர் தன் நட்சத்திரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் இருப்பதாகவும், அதை விட்டால் தை பிறக்கும்வரை வீட்டின் முதல் கல்லை, நாள்க்கல்லை, வைக்க முடியாது என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். எங்கள் கீரியில் வீட்டுக்கு அத்திவாரம் போடுவதென்றால் ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரிப்போம். ஃபாதருக்கு எந்த நாள் நேரமிருக்கிறதோ அதுதான் எங்களுக்கு நல்ல நாள். அந்த ஒரே நாள் எத்தனை நாளில் வரப்போகிறது, அதற்குள் அவர் என்ன செய்யப்போகிறார் என்று ஒரு சொல் கேட்கத் தோன்றவில்லை.

பழைய வீடு இருந்த இடத்தைத்தான் ஆசாரி நிலையமாகக் காட்டியிருக்கிறார். கொட்டில் நின்றதும் அங்கேதான். அத்திவாரம் வெட்டிப் போட்டோ எடுத்த பிறகுதான் வீட்டுத்திட்ட உதவி தொடங்கும் என்பது விதி. ஊருக்குப் போன அன்றே தாயும் மகளும் தகரத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள்.

5. தகர அடுக்கு

அன்ரன் போன் எடுத்த அன்று பின்னேரமே போனேன். பயிற்சியில் கிடைத்த அச்சுப் பட்டியலோடு அத்திவாரத்தைப் போட்டோ எடுக்கப் போன இடத்தில்தான் தவமணி அக்காவின் பெயரைக் காணாமல் அன்ரன் திகைத்திருக்கிறார். வழியெல்லாம் மழை. வளவில் தகரங்கள் அடுக்கிக் கிடந்தன. நான்கு பக்கமும் வெட்டிய அத்திவாரத்தில் செம்மண் தண்ணீர் நின்றது. அரைச்சுவரை இடித்த கல்லையெல்லாம் அத்திவாரத்துக்குள் போட்டிருந்தார்கள். ஈசானமூலையில் நாள்க்கல் மட்டும் மஞ்சளும் பூவுமாகத் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கிணற்றடியில் ஒரு தறப்பாளைக் கட்டி, அதற்குள் கோமதி மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருந்தாள்.

வருவதற்கு முன்னர் காரணத்தைத் தேடிப் பார்த்திருந்தேன். தற்காலிகப் பட்டியலில் இருந்த தவமணி அக்காவை இறுதிப் பட்டியலில் வெட்டியிருந்தார்கள். வெட்டியதற்கான காரணம்: அரைச்சுவர் உள்ள நிரந்தர இருப்பிடம் உண்டு. கொட்டிலோடு கிடந்திருந்தால் வீடு கிடைத்திருக்கும். சுவர் கட்டியதால் போனது. நான் பிழையான பக்கத்தைக் காட்டியதால் அந்தச் சுவரும் போனது.

சிஸ்டத்தில் ஒரு பிழை நடந்துவிட்டது என்று சொன்னேன். என் பிழை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் ஏசுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் தகர அடுக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இப்ப எங்களுக்கு வீடில்லைத்தானே, மிஸ். இப்ப லிஸ்றில போடலாமோ?”

அவர் என்னை மிஸ் என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

6. கடிதம்

மனேஜரிடம் திகதியையும் பற்றறியையும் சிங்க்கையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். திணைக்களத்துக்கு உண்மையை எழுதி, அந்தக் குடும்பத்தைத் திரும்பவும் சேர்க்கக் கேட்போம் என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

எங்கள் நிறுவனம் பிழையான தகவல் கொடுத்தது என்று கடதாசியில் போனால் உதவி தருபவர்கள் அடுத்த வருடம் நிற்பாட்டிவிடுவார்கள், பதினொரு பேரின் வேலை போகும் என்றார். முதலில் போவது யார் என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“உங்களைக் காப்பாத்தத்தான் சொல்லுறன், றெஜினா. தற்காலிக லிஸ்றைப் பாத்துப்போட்டு அவவே சொந்த விருப்பத்தில கழற்றினவ எண்டு போடுங்கோ. மிச்சத்தை நான் பேசுறன்.”

நான் ரைப்பிஸ்ற்றாக வந்தவள். சொன்னதை அடிக்கப் பழகிய கை. ‘மேற்படி விண்ணப்பதாரி தற்காலிகப் பட்டியலின் அடிப்படையில் தனது இருப்பிடத்தைத் தானாகவே அகற்றியுள்ளார்.’ ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் அடித்தேன். மனேஜர் ஒப்பமிட்டார். மிச்சத்தை அவர் பேசினாரா என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயம்.

ஊரவர்கள் பிடித்துக் கொடுத்துக் கொட்டிலை மறுபடி நிமிர்த்தினார்கள். கழற்றும்போது ஆணியடித்த இடமெல்லாம் கிழிந்த தகரம் அது, ஒழுகியது. அரைச்சுவர் திரும்ப வரவில்லை. கோமதி அந்தத் தடவை சோதனை எழுதவில்லை என்று அன்ரன் சொன்னார். மூன்று மாதம் கழித்து, குவட்டேசன் ஒன்றும் இல்லாமலே, பற்றறி வந்து சேர்ந்தது.

7. ஒரே பக்கம்

அடுத்த கட்ட வீட்டுத்திட்டம் வந்தபோது இலுப்பைக்கடவைக் கிளை மூடப்பட்டு அந்த மெஷினும் மன்னாருக்கு வந்திருந்தது. தவமணி அக்கா மறுபடி விண்ணப்பித்திருந்தார். எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது சுவர் இல்லை, வெறும் கிழிந்த தகரம். இந்த முறை வெட்ட என்ன காரணம் இருக்கிறது?

பட்டியல் வந்த அன்று இலுப்பைக்கடவையை அமத்தினேன். முதலில் பக்கத்தின் அடிக்குப் போய்ச் சிங்கள எழுத்தை வாசித்தேன். இறுதிப் பட்டியல்தான். நிராகரிக்கப்பட்டவர்களின் பகுதியில் அவர் பெயர் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் காரணம்: இருப்பிடத்தைத் தானாகவே அகற்றியவர்.

என் வசனம். நான் அடித்தது. ஃபைலுக்குள் இருந்து அதைத் தூக்கி அப்படியே போட்டிருந்தார்கள். வீடு கிடைக்கவேண்டும் என்று வேண்டுமென்றே கொட்டிலைக் கழற்றியவள் என்று அதற்கு அவர்கள் பொருள் எடுத்திருந்தார்கள்.

பிழையான பக்கமாக இருக்கட்டும் என்று அன்றைக்கு நான் விரும்பினேன். மற்ற மெஷினில் நீலப் பிரவுசரில் திறந்தேன். இலுப்பைக்கடவையிலிருந்து வந்த மெஷினிலும் திறந்தேன். திகதிகளைப் பார்த்தேன், மூன்றும் சரி. மூன்றிலும் ஒரே பக்கம், ஒரே வசனம். என் சிங்க் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

மனேஜர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் அது முடிந்துபோன ஃபைல் என்றார். அந்த வாரம் நான் திணைக்களத்துக்கு என் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். திகதியை மாறி அடித்தது நான், கடைசிப் பட்டியல் என்று சொன்னது நான், தானாகவே என்பது பொய், அந்தப் பொய்யை அடித்ததும் நான். பதில் வரவில்லை. என் வேலையும் போகவில்லை. இத்தனை காலமும் நான் பயந்த விசயம் அவ்வளவுதான்.

அதன் பிரதி ஒன்றை இலுப்பைக்கடவைக்குக் கொண்டுபோய்த் தவமணி அக்காவிடம் கொடுத்தேன். அவர் கொட்டில் வாசலில் நின்றபடி முழுவதையும் வாசித்தார். சில இடங்களைத் திரும்ப வாசித்தார். மடித்து, சட்டைப்பிடவைகள் வைக்கும் பையில் செருகினார். எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

பிள்ளைகளே, தொழிலுக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்க் போடுவதற்கு முன் எல்லா மெஷினின் திகதியையும் பாருங்கள். பழைய புக்மார்க்கை அழிக்காதீர்கள், திகதி போட்டு ஒரு மூலையில் வைத்திருங்கள். பெயர் பார்க்க ஆள் வந்தால் பக்கத்தின் அடிவரை இறங்கி வாசியுங்கள். இவையெல்லாம் ஒரு கிழமையில் பழகிவிடும். மற்றது பழகாது. பிழை விட்டால் அதை உங்கள் பெயரில் எழுதுங்கள், இன்னொருவரின் ஃபைலுக்குள் எழுதாதீர்கள். எப்போது எழுதுவது என்பதை, நான் பஸ்ஸுக்கு எழும்பியபோது தவமணி அக்கா சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“இதை அப்பவே எழுதியிருக்கலாம், மிஸ்.”